எடை குறைந்தது, கூடவே வலுவும் குறைந்தது

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் தம் மகனுடன் எம் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வயது 62. இரண்டரை மாதங்களுக்கு முன்பு நீரிழிவு நோய்க்காக என்னிடம் முதன்முதலாக வந்தவர். அன்று அவருடைய எடை 71 கிலோ. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.1. மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்து, "ஆறு கிலோவாவது எடையைக் குறையுங்கள் ஐயா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

இப்போது எடை 61 கிலோ. எச்பிஏ1சி 7.0. அவர் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. எடை பார்த்த செவிலியரும் பாராட்டியிருந்தார். நானும் பாராட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மகன் குறுக்கிட்டார்: "அப்பா போன வாரம் தறிக்குழியிலேர்ந்து எழுந்திருக்கும்போது விழுந்துட்டார் டாக்டர். இப்ப நான் கை கொடுத்தாத்தான் மேல ஏறி வர்றார்."

(இருவருடைய ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் வழக்கமான காரணங்களைத் தேடினோம். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து விழுந்திருப்பாரோ என்றால், அவர் உட்கொண்ட மாத்திரை தனியாக அவ்வாறு செய்வது அரிது. எழுந்து நின்றபோது இரத்த அழுத்தம் வீழவில்லை. பாத நரம்புகளின் உணர்ச்சி சரியாக இருந்தது. தைராய்டிலும் பி12 வைட்டமினிலும் குறையில்லை. பின்னர், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொன்னேன். 19 விநாடிகள் ஆயின. கெண்டைக்காலின் சுற்றளவு 31 சென்டிமீட்டர். கைப்பிடி வலுவை அளக்கும் கருவியில் 22 கிலோ.

முதியோரிடத்துத் தசைக் குறைவை மதிப்பிட ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் சில எல்லைகளை வகுத்தது. ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் ஐயம் கொள்ள வேண்டும். ஆண்களுக்குக் கெண்டைக்கால் சுற்றளவு 34 சென்டிமீட்டருக்கும், கைப்பிடி வலு 28 கிலோவுக்கும் குறையக் கூடாது. பெண்களுக்கு இவை முறையே 33 சென்டிமீட்டர், 18 கிலோ. நெசவாளர் மூன்றிலும் தவறியிருந்தார்.

என்ன சாப்பிட்டார் என்று கேட்டோம். காலையில் கேழ்வரகுக் கஞ்சி. நண்பகலில் ஒரு கரண்டி சோறு, ரசம், ஒரு காய். இரவில் இரண்டு சப்பாத்தி அல்லது கோதுமை ரவைக் கஞ்சி. முட்டை கொழுப்பு என்று நிறுத்திவிட்டார். பருப்பு வாயு என்று நிறுத்திவிட்டார். பால் சர்க்கரையை ஏற்றும் என்று யாரோ சொன்னார்கள், அதையும் நிறுத்திவிட்டார். எம் உணவியல் வல்லுநர் கணக்கிட்டபோது, நாளொன்றுக்கு 30 கிராம் புரதம்கூட உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நலமாயுள்ள ஒருவருக்கே உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் தேவை. அந்தக் கணக்கில் இவருக்கு 50 கிராம் வேண்டும். எடையைக் குறைக்கும் காலத்தில் அதற்கும் மேலே வேண்டும்.

அப்போது மகன் கேட்ட கேள்வியை இன்னும் மறக்கவில்லை. அவருக்கு வயது 24. மாவட்ட அளவிலான ஆணழகன் போட்டிகளில் கலந்துகொள்பவர். "போட்டிக்கு நான் எடை குறைக்கிறப்போ, தசை போயிடக் கூடாதுன்னு கிராம் கணக்குல எழுதி வச்சு சாப்பிடுவேன் டாக்டர். அப்பாவுக்கு மட்டும் ஏன் வெறும் எடையைக் குறைன்னு சொன்னீங்க?"

நான் சொன்னது அவ்வளவுதான் என்பது உண்மை. எதைக் குறைக்க வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

தராசு சொல்லாதது

உடல் எடை ஒரு கூட்டுத்தொகை. எலும்பு, நீர், உள்ளுறுப்புகள், தசை, கொழுப்பு அனைத்தையும் சேர்த்துத் தராசு ஒரே எண்ணாகக் காட்டுகிறது. உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் கரையும்போது, அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் வெளியேறுகிறது. அதற்குப் பின்னர் குறையும் எடையில், உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பினால், ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும் என்பது மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புரதம் குறைந்து, வேகம் கூடி, உடற்பயிற்சியும் இல்லையென்றால் அந்தப் பங்கு இன்னும் பெருகும்.

காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. கச்சாப் பட்டில் செரிசின் என்னும் இயற்கைப் பசை ஒட்டியிருக்கும். சாயம் ஏற்றுவதற்கு முன் நூலைச் சோப்புக் கரைசலில் வேகவைத்து அப்பசையை நீக்குகிறார்கள். நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதில் போய்விடும். போக வேண்டியது பசை. நிற்க வேண்டியது இழை. அளவுக்கு மீறிக் காய்ச்சினால் இழையும் நைந்து, தறியில் ஏற்றும்போது அறுந்துவிடும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் நெசவாளரே சொன்னார்: "என் கால்ல நூலே போயிடுச்சுன்னு சொல்றீங்க." பட்டிழையும் தசையைப் போலவே புரதத்தால் ஆனது என்பது இந்த ஒப்புமைக்கு ஒரு கூடுதல் பொருத்தம்.

தசை போனால் என்ன, மெலிவாக இருப்பது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. உணவுக்குப் பின் இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் சர்க்கரையில் மிகப் பெரும்பங்கு தசைகளுக்குள் செல்கிறது. தசை குறைந்தால் அந்தக் களஞ்சியம் சிறுத்துவிடுகிறது. நீரிழிவு நோயாளி தசையை இழந்து எடை குறைப்பது, நெல்லைக் காப்பதற்காகக் களஞ்சியத்தையே இடிப்பது போன்றது. பின்னர் பழைய உணவுக்குத் திரும்பியதும் எடை மீண்டும் ஏறும். அப்படி ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பே. இதையே இரண்டு மூன்று முறை செய்தவர்களிடம், எடை முன்பிருந்ததே. இடுப்பு மட்டும் பெருத்துவிட்டது என்னும் நிலையைக் காண்கிறோம். நிமோனியாவோ அறுவை சிகிச்சையோ வந்து பத்து நாள் படுக்கையில் கிடக்க நேர்ந்தால், உடல் தன் புரதத் தேவைக்குத் தசையிலிருந்துதான் கடன் வாங்கும். கையிருப்பு இல்லாதவர்கள் எழுந்து நடக்க மாதக்கணக்காகிறது.

இதில் இந்தியர்களாகிய நமக்கு ஒரு தனிக் குறையும் உண்டு. புனேயிலுள்ள கேஇஎம் மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கின் ஆகிய இருவரும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் ஒளிப்படத்தையே வெளியிட்டார்கள். இருவருடைய உயரத்துக்கேற்ற எடைக் குறியீடும் ஒன்றுதான்: 22.3. ஆனால் யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஒரே எடைக் குறியீட்டில் நாம் ஐரோப்பியர்களைவிடத் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கிறோம் என்பதை அந்தப் படம் எளிதாகக் காட்டிவிட்டது. ஆதலால்தான் நமக்கு 23-ஐத் தாண்டினாலே மிகை எடை என்கிறோம். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மிகக் கூடாது என்கிறோம். தொடக்கத்திலேயே தசை குறைவாக உள்ள ஒருவர், பட்டினி கிடந்து அதிலும் ஒரு பங்கை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

நெசவாளர் அன்றாடம் உழைப்பவர்தானே, அவருக்கு எப்படித் தசை கரைந்தது என்று சிலர் வியக்கலாம். தறியில் அமர்ந்திருப்பவரின் காலும் கையும் நாள் முழுதும் அசைகின்றன. ஆனால் அது ஒரே அளவிலான இலேசான அசைவு. உடலின் முழுப் பாரத்தையும் தொடை தூக்குவது, குழிக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் மட்டுமே. நாளுக்கு ஐந்தாறு முறை. அந்த ஐந்தாறு முறைதான் அவருக்குத் தவறிப்போனது.

ஆணழகர்கள் அறிந்திருப்பது

உடற்கட்டுப் போட்டியாளர்களின் ஆண்டு இரு பருவங்களாகப் பிரிந்தது. முதற்பருவத்தில் நன்றாக உண்டு, பளு தூக்கி, தசையை வளர்க்கிறார்கள். போட்டிக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பு உணவைக் குறைத்து, வளர்த்த தசையை இழக்காமல் கொழுப்பை மட்டும் கரைக்க முயல்கிறார்கள். தமிழகத்தைச் சேர்ந்த எஸ்.பாஸ்கரன் 2019-இல் அர்ஜுனா விருது பெற்றாரே, அவரைப் போன்றோர் மேடையில் நிற்கும் சில நிமிடங்களுக்குப் பின்னால் இந்தப் பொறுமையான கணக்கு இருக்கிறது. மருத்துவர்களாகிய நாங்கள் இக்கலையை நெடுங்காலம் வெறும் தோற்றப் பித்து என்று ஒதுக்கினோம். ஆனால் எடையைக் குறைக்கும்போது தசையைக் காப்பது எப்படி என்ற கேள்வியை எங்களுக்கு முன்பே கேட்டு, அனுபவத்தால் விடை கண்டவர்கள் அவர்கள்.

அவர்களுடைய அனுபவத்தைப் பிற்காலத்து ஆய்வுகள் பெரும்பாலும் உறுதிப்படுத்தின. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரங்கள் தேவையைவிட 40 விழுக்காடு குறைவான உணவு தந்து, கடுமையான பயிற்சியும் அளித்தார்கள். ஒரு பாதியினருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மறுபாதியினருக்கு 2.4 கிராம். 2016-இல் வெளியான முடிவு இது: முதற்பிரிவினர் தசையை இழக்காமல் 3.5 கிலோ கொழுப்பைக் குறைத்தார்கள். இரண்டாம் பிரிவினரோ 4.8 கிலோ கொழுப்பைக் குறைத்ததோடு, கொழுப்பல்லாத திசுவில் 1.2 கிலோ கூடவும் செய்தார்கள். குறைந்த புரதம் பெற்றவர்களுக்கும் தசை போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பளுப் பயிற்சி அவர்களைக் காத்தது.

இளைஞர்களுக்குச் சரி, முதியோருக்கு? அமெரிக்காவில் உடற்பருமனுடைய 160 முதியோரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. உணவுக் கட்டுப்பாட்டுடன் நடைப்பயிற்சி போன்றவற்றை மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத திசுவில் 5 விழுக்காட்டை இழந்தார்கள். பளுப் பயிற்சி செய்தவர்கள் 2 விழுக்காட்டையும், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 3 விழுக்காட்டையும் இழந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் உடலியக்கத் திறனே மிக நன்றாக மேம்பட்டது. இன்னும் பழைய ஆய்வு ஒன்று உண்டு; 1990-இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லத்தில் 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் தொடைக்குப் பளுப் பயிற்சி அளித்தார்கள். அவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. "இந்த வயதுக்கு மேல் எனக்கு எதற்கு" என்று சொல்பவரிடமெல்லாம் நான் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

ஏன் இப்படி நிகழ்கிறது? தசை கட்டி முடித்த வீடு போன்றதன்று. அன்றாடம் ஒரு பகுதி சிதைகிறது; ஒரு பகுதி கட்டப்படுகிறது. உணவு குறையும்போது கட்டும் வேலை மந்தமாகிறது. அப்போது எந்தத் தசை பாரம் சுமக்கிறதோ அதை உடல் தேவையானதென்று வைத்துக்கொள்கிறது, சுமக்காததை விட்டுவிடுகிறது. கட்டுவதற்குரிய பொருளாகப் புரதம் வேண்டும். கட்டச் சொல்லும் கட்டளையாகப் பாரம் வேண்டும்.

பருமனாக உள்ளவர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. உடலில் கொழுப்பு குறையக் குறையத்தான் தசையைக் காப்பது கடினமாகிறது. போட்டிக்கு ஆயத்தமாகும் ஆணழகர் கடைசி வாரங்களில் படும் பாட்டை நீங்கள் படவேண்டியதில்லை. கொழுப்புக் கையிருப்பு மிகுந்த, இதற்கு முன் பளுப் பயிற்சியே செய்யாத ஒருவருக்கு, கொழுப்பு குறையும் அதே மாதங்களில் தசை சற்று வளரவும் கூடும்.

நம் அடுக்களையிலிருந்து

சிறுநீரகம் நலமாக உள்ளவர்கள் எடையைக் குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் புரதம் உண்பது தக்கது. நெசவாளருக்கு அது 73 கிராம். காஞ்சிபுரத்து வீட்டு உணவில் அதை எட்ட முடியுமா என்று அவர் மனைவியுடன் அமர்ந்து கணக்கிட்டோம். அவர் குடும்பத்தில் முட்டையும் மீனும் உண்டு.

காலையில் மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், இரண்டு வேகவைத்த முட்டை: ஏறத்தாழ 22 கிராம். பதினொரு மணிக்குச் சர்க்கரையில்லாத பால் ஒரு தம்ளர்: 6 கிராம். நண்பகலில் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கைப்பிடிப் பருப்பு வேகவைத்துச் செய்த கெட்டிக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர், 100 கிராம் மீன்: 30 கிராமுக்கு மேல். மீன் இல்லாத நாளில் 20 கிராம் சோயா உருண்டையைக் குழம்பிலிட்டால் அதிலேயே 10 கிராம் கிடைக்கும். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல்: 8 கிராம். இரவில் பருப்புகள் அரைத்துச் செய்த அடை இரண்டு: 12 கிராம். கூட்டிப் பார்த்தால் தேவை நிறைவேறிவிட்டது. அந்த அம்மையார் சொன்னது: "இதுல புதுசா எதுவுமே இல்லையே. நாங்க நிறுத்தினதைத் திரும்ப வைக்கச் சொல்றீங்க."

சோற்றின் அளவும் எண்ணெயும் இனிப்பும் குறைய வேண்டும். பருப்பின் அளவு கூட வேண்டும். எங்கள் வீடுகளில் சாம்பார் என்பது பல நாள் பருப்பின் நினைவு மட்டும் கலந்த புளி நீராகிவிடுகிறது. அதைத் திருத்தினாலே பாதி வேலை முடிந்தது. மூன்று வேளையும் பிரித்து உண்பது முக்கியம். முதியோருக்கு ஒரே வேளையில் மொத்தமாக உண்பதைவிட, ஒவ்வொரு வேளையும் 20 முதல் 25 கிராம் கிடைப்பது மேல்.

புரட்டாசியில் இவ்வூரில் பல குடும்பங்கள் அசைவத்தை நிறுத்துகின்றன. நிறுத்துவதில் தவறில்லை, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விடுவதுதான் குறை. கொள்ளு, பயறு, பொட்டுக்கடலை, பனீர், சோயா ஆகியவற்றால் அந்த மாதத்தை நிறைக்கலாம். வரதராசப் பெருமாள் கோயில் பிரசாதமாகப் புகழ்பெற்ற காஞ்சிபுரம் இட்லியில் வீட்டு இட்லியைவிட உளுந்து கூடுதல் என்பதை நண்பர்கள் எனக்கு நினைவூட்டுவதுண்டு. உண்மைதான், ஆனால் நெய்யும் கூடுதல். பிரசாதமாகவே உண்ணுங்கள்.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பார்கள். 1952-இல் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வென்ற வங்காளத்து மனோகர் ஐச், நம் பழைய சோற்றை ஒத்த பாந்தா பாத்தைத் தம் வலுவுக்குக் காரணமாகச் சொல்வார். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய அவர் 104 வயது வரை வாழ்ந்து 2016-இல் மறைந்தார். அவரைக் காட்டிப் பழைய சோறே போதும் என்று வாதிட்ட முதியவர் ஒருவரிடம், அவர் மீனும் பாலும் உண்டார், ஆயுள் முழுதும் பளுவும் தூக்கினார் என்று சொல்ல வேண்டியிருந்தது. பழைய சோறு நல்ல உணவே. புரதத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

புரதப் பொடி வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பல் இல்லாதவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர், உண்ணவே முடியாதவர் ஆகியோருக்கு நாங்களே எழுதித் தருகிறோம். மற்றவர்களுக்குத் தேவையில்லை. ஒரு டப்பாவின் விலையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் வாங்கலாம்.

பாரம் சுமப்பதைப் பொறுத்தவரை, இரும்புப் பளுவோடு தொடங்க வேண்டியதில்லை. நெசவாளருக்கு எம் இயன்முறை மருத்துவர் கற்பித்தவை இவை: நாற்காலியிலிருந்து கைகொடுக்காமல் எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், படியில் ஏறி இறங்குதல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்றல், ஒரு கதவுப் பிடியில் கட்டிய இரப்பர் பட்டையை இழுத்தல். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். பத்து முறை எளிதாகச் செய்ய முடிந்தால் பாரத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டு கிலோ எடைதான். பாரம் கூடாத பயிற்சி சில வாரங்களில் தறி மிதிப்பதைப் போலாகிவிடும். மகனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரே சொல்தான்: வாரத்துக்கு அரை கிலோ. நார்வே நாட்டு விளையாட்டு வீரர்களிடம் 2011-இல் செய்த ஆய்வில், வாரத்துக்கு உடல் எடையில் 0.7 விழுக்காடு குறைத்தவர்களுக்குத் தசை வளர்ந்தது, 1.4 விழுக்காடு குறைத்தவர்களுக்கு வளரவில்லை. நெசவாளர் குறைத்தது இந்த இரண்டாவது வேகத்தில்.

பின்பற்றக் கூடாதவை

ஆணழகர்களிடம் கற்கலாம் என்று சொன்னதால், எல்லாவற்றையும் கற்கலாம் என்று எவரும் கொள்ளக் கூடாது. இந்த மகன் ஓராண்டுக்கு முன்பு எங்களிடமே உள்நோயாளியாக இருந்தவர். போட்டிக்கு முந்தைய மூன்று நாள் உப்பையும் தண்ணீரையும் நிறுத்தி, தோலுக்கடியிலுள்ள நீர் வற்றித் தசைக்கோடுகள் தெரிய வேண்டுமென்று சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளை உட்கொண்டிருந்தார். கைகால் தசைகள் இழுத்துப் பிடிக்க, நெஞ்சு படபடக்கக் கொண்டுவந்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் வீழ்ந்திருந்தது. இதயத் துடிப்பு சீரடைய ஒன்றரை நாள் ஆயிற்று. 1992-இல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் உயிரிழந்த உலகப் புகழ்பெற்ற வீரர் முகமது பெனசீசாவுக்கும் நீரிழப்பும் இத்தகைய மருந்துகளுமே காரணமாகக் கூறப்பட்டன. அந்தக் கடைசி வாரத்தில் குறைவது கொழுப்பன்று, நீர் மட்டுமே. அதில் உடல்நலத்துக்கு ஒரு பயனும் இல்லை.

ஸ்டீராய்டு ஊசிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: பயிற்சிக் கூடத்தில் எவரேனும் பெயரில்லாத ஊசியோ மாத்திரையோ தந்தால், அதை மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. மருந்தே தொடாத போட்டியாளருக்கும் மேடைக் கொழுப்பளவு கடுமையானதே. அமெரிக்கர் ஒருவரை ஓராண்டு தொடர்ந்து அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். கொழுப்பு 14.8 விழுக்காட்டிலிருந்து 4.5-க்கு இறங்கியபோது, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 53-இலிருந்து 27-க்கு வீழ்ந்தது. டெஸ்டோஸ்டிரோன் நான்கில் ஒரு பங்காயிற்று.

நோயாளிகள் எடைக் குறைப்பைத் தொடங்கும் முன் எங்களிடம் சொல்ல வேண்டிய காரணங்களும் உள்ளன. இன்சுலின், கிளிமிப்பிரைடு போன்றவற்றை எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருந்தின் அளவை முன்கூட்டியே குறைக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையுடன் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் சேரலாம். நாள்பட்ட சிறுநீரக நோயுள்ளவர்கள், டயாலிசிஸ் தொடங்காத நிலையில், புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது; டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கோ நேர்மாறாகக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் உருவாகி இன்னும் சிகிச்சை பெறாதவர்கள் மூச்சைப் பிடித்துப் பளு தூக்கக் கூடாது. பாதத்தில் புண் உள்ளவர்கள் அமர்ந்தபடி செய்யும் பயிற்சிகளை மட்டும் செய்யலாம்.

2025-இல் டிர்செபடைடும், எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடும் இந்தியச் சந்தைக்கு வந்தன. நல்ல மருந்துகள், நானும் எழுதித் தருகிறேன். பசியை அடக்கும் மருந்து புரதப் பசியையும் சேர்த்தே அடக்குகிறது. செமாகுளுடைடின் முக்கிய ஆய்வு ஒன்றில் குறைந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசு. ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மேலே சொன்ன உணவும் பயிற்சியும் இரட்டிப்பாகப் பொருந்தும்.

முயற்சி ஏதுமின்றித் தானாகவே எடை குறைந்தால் அது வேறு கதை. அதைக் கொண்டாடாமல் உடனே வாருங்கள். தைராய்டு, காசநோய், புற்றுநோய், கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவற்றைத் தேட வேண்டும்.

வீட்டில் தராசுடன் ஓர் அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இடுப்பையும் கெண்டைக்காலின் பருத்த பகுதியையும் அளந்து, எழுந்து அமரும் நேரத்தையும் குறித்து வாருங்கள். இடுப்பு குறைந்து, கெண்டைக்கால் மாறாமல், நேரம் குறைந்துவந்தால், தராசு நகராவிட்டாலும் கவலைப்பட வேண்டாம்.

நெசவாளர் மூன்று மாதங்களுக்குப் பின் ஐப்பசியில் வந்தார். எடை 62, ஒரு கிலோ கூடியிருந்தது. அதைக் கண்டு சற்றே வருந்தினார். இடுப்பு 93-இலிருந்து 90-க்கு இறங்கியிருந்தது, கெண்டைக்கால் 32, கைப்பிடி 25 கிலோ, எச்பிஏ1சி 6.8. தறிக்குழியிலிருந்து தாமே எழுகிறார். ஒரு கையை மட்டும் விளிம்பில் ஊன்றிக்கொள்கிறார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண, ஐந்து முறை எழுந்து அமர்ந்தார். 14 விநாடிகள். "பன்னிரண்டுக்குக் கீழ எப்ப டாக்டர் வரும்?" என்று கேட்டார். தை மாதத்துக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.